கொம்பும் காலும்

மாதத்துக்குள் தேதி.
தேதிக்குள் காலை, மாலை.
காலைக்குள் உறுப்பினர் எண்.
எண்ணுக்குள் ஒரே ஒரு சரம்:
தொட்டப்பா சென்னப்பன், கோடு,
இருபத்தாறு லிட்டர், கோடு,
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டு
எனக்கு முன்னால் இருந்த புரோகிராமர்
ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

போச்சம்பள்ளி பால் சங்கத்தில்
ஃபேன் போட்டால் பில் பறக்கும்,
நிறுத்தினால் நான் வேகும் அறை.
செயலர் கேட்டது சின்ன வேலை.
"சீட்டுல இடம் பத்தலம்மா.
அப்பா பேரு முழுசா வேணாம்.
இனிஷியல் மட்டும் வரட்டும்."

அடுக்கைத் திறந்தேன்,
அதற்குள் இருந்ததைத் திறந்தேன்,
அதற்குள்ளும்.
கோட்டில் உடைத்து
முதல் துண்டின் முதல் மூன்று பைட்டை
சப்ஸ்டர் கொண்டு நறுக்கினேன்.
தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட் என்று
எங்கோ படித்த அரைகுறை ஞாபகம்.
பிரிண்டர் கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு
இருநூற்றுப் பதினாலு சீட்டு துப்பியது.
ஒன்றிலும் பிழை தெரியவில்லை.

வியாழக்கிழமை ஜன்னலில் ஒருவர்.
"இது என் காசில்லைங்க மேடம்.
என்னுது ஒத்தை மாடு.
பதினாறாயிரம் எங்கிருந்து வரும்?"
சீட்டில் த. சென்னப்பன்.
இவர் திம்மப்பா மகன்.
நாலு மாட்டுக்காரர் தொட்டப்பா மகன்.
தியும் தொவும் என் கத்தியில் பட்டு
ஒரே த.

இயந்திரத்துக்குத் தொ ஓர் எழுத்து அல்ல.
முதலில் த, மூன்று பைட்.
பிறகுதான் கொம்பும் காலும்,
அது இன்னொரு மூன்று.
பாலுக்குக் கணக்கு எழுதும் இடத்தில் உட்கார்ந்து
கொம்பை வெட்டி, காலை வெட்டி,
உடம்பை மட்டும் அச்சடித்திருக்கிறேன்.

நாலு பைட்டில் வெட்டியிருந்தாலாவது
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி
கத்தியிருக்கும்.
மூன்றில் வெட்டியதால்
உயிர் எழுந்துபோன இடத்தில்
சத்தமில்லாமல் அகரம் வந்து உட்கார்ந்துகொண்டது.
பார்க்க நல்ல எழுத்து.
யார் சந்தேகப்படுவார்?

ஆறாக்கினேன்.
தி வந்தது. தொ வந்தது.
பரமனின் மகள் மல்லம்மா
பர. மல்லம்மா ஆனாள்.

எழுத்தை எழுத்தாக எண்ணும் ஃபங்ஷன்
ஒன்று இருக்கத்தான் இருக்கிறது.
எங்கள் சர்வரில் அது இல்லை.
சேலத்து ஆளைப் போனில் பிடித்து,
அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்து,
அது வந்து சேர மாலை ஐந்து.
அதற்குள் இரண்டு சென்னப்பன்களும்
எதிர்க் கடையில் பணத்தை மாற்றிக்கொண்டு
டீக்கு யார் கொடுப்பது என்று
இழுபறியில் இருந்தார்கள்.
"கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?" என்றார் ஒருவர்,
காய்ச்சலில் கிடந்த கன்றை விசாரிப்பதுபோல.

என் சான்றிதழ்களில் அப்பா வெறும் கே.
கொண்டப்பா.
இங்கிலீஷில் அது ஒற்றை பைட்.
அவரை நறுக்க
யாருக்கும் சிரமம் இருந்ததே இல்லை.

மறுபடி ஓட்டினேன்.
மாதத்துக்குள், தேதிக்குள், காலைக்குள்
ஒவ்வொரு எண்ணாக இறங்கி
தி., தொ., ப., மா., சி.
நூற்றுப் பதினேழில் நின்றது.
திங்கட்கிழமை காலை முதல்
மேற்கோள் குறி இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க
நடுவில் ஒன்றுமில்லை.
மாலையிலும் இல்லை. செவ்வாயிலும் இல்லை.
இதிலும் நான்தான் ஏதோ வெட்டிவிட்டேனென்று
அரை மணி நேரம் என் வரிகளையே துழாவினேன்.

"அதுவா," என்றார் செயலர்,
கேன் மூடியை அழுத்திக்கொண்டே.
"ஞாயித்துக்கிழமை சந்தைல வித்துட்டாங்க."